மரம் செதுக்கும் குழு தொடங்க நினைக்கும் ஏழு பேருக்கு

கேள்வி இதுதான்: “நாங்கள் ஏழு பேர். எல்லோருக்கும் மரம் செதுக்க ஆசை. இரண்டு பேருக்குத்தான் உளி பிடித்த பழக்கம் உண்டு, மற்றவர்கள் கத்தியால் பென்சில் சீவியதோடு சரி. வாரம் ஒரு நாள் கூடிச் செதுக்கலாம் என்று பேசியிருக்கிறோம். ஆனால் இது அவரவர் தனியாகச் செய்கிற வேலைதானே, கூடி உட்கார்வதால் என்ன கிடைக்கும்? எதிலிருந்து தொடங்குவது? எங்களில் ஒருவருக்குக் கை நடுக்கம் இருக்கிறது, அவரைச் சேர்த்துக்கொள்ளலாமா?”

நான் 19 ஆண்டுகளாக இப்படி ஒரு குழுவில் இருக்கிறேன். வந்த புதிதில் எனக்கும் இதே சந்தேகம் இருந்தது, அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கை வேலை தனியாகத்தான் நடக்கிறது, உண்மை. ஆனால் மரம் செதுக்கும்போது கைக்கு முன்னால் சோர்ந்துபோவது கண். ஒரு முகத்தை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் அதிலுள்ள கோணல் உங்களுக்குப் பழகிவிடும். இடது கண் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். அதற்கேற்ப மூக்கைச் சற்றுத் திருப்புவீர்கள், மூக்குக்கேற்ப வாயை. ஒவ்வொரு வெட்டும் அதற்கு முந்தைய வெட்டுக்குச் சரியாகவே பொருந்தும். பக்கத்தில் இருப்பவர் தலையைத் தூக்கி ஒரு நொடி பார்த்துவிட்டு, “இவர் ஏன் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறார்?” என்பார். அப்போதுதான் உங்களுக்கும் தெரியும். பொம்மையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பது, கண்ணாடியில் காட்டிப் பார்ப்பது எல்லாம் உதவும்தான், ஆனால் புதுக் கண்ணுக்கு ஈடாகாது. களிமண் என்றால் எடுத்ததைத் திரும்ப அப்பிக்கொள்ளலாம். மரத்தில் முடியாது. கோணலை மூன்றாவது வெட்டில் பிடித்தால் சரிசெய்யலாம், முப்பதாவது வெட்டில் பிடித்தால் சரிசெய்யச் சரிசெய்ய முகம் சிறுத்துக்கொண்டே போகும்.

ஆக, குழு உங்களுக்குத் தருவது கண். இதை நம்பினால் மற்ற ஏற்பாடுகள் எல்லாம் அதிலிருந்தே வந்துவிடும். முதல் ஏற்பாடு: முடித்த வேலைகளை வைக்க ஓர் அலமாரி தேடுவதற்கு முன்னால், முடிக்காத வேலைகளை வைக்க நடுவில் ஒரு மேசை போடுங்கள். கூட்டம் தொடங்கும்போது அவரவர் பாதியில் நிறுத்திய மரத்தை அதில் வைக்க வேண்டும். பத்து நிமிடம் எல்லோரும் சுற்றி வந்து கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். முடித்து மெருகேற்றிய சிற்பம் தான் எப்படி உருவானது என்பதை மறைத்துவிடும். பாதி வேலைதான் எந்தப் பக்கம் முதலில் இறக்கினார், எங்கே மரத்தை மிச்சம் வைத்தார், எந்த உளி எங்கே திரும்பியது என்று காட்டும்.

இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. 1648 முதல் 1721 வரை வாழ்ந்த கிரின்லிங் கிப்பன்ஸ், மரத்தில் பூவும் கனியும் கொடியும் செதுக்கியதில் இங்கிலாந்தின் பெரிய பெயர். இதழ்கள் காற்றில் அசையும் என்று தோன்றும் அளவுக்கு மெல்லியதாக எடுத்திருப்பார். 1986இல் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் தீப்பிடித்தபோது, சுவரில் தொங்கிய அவருடைய வேலைகளில் சுமார் ஏழு அடி நீளமுள்ள ஒரு தொங்கல் முழுவதுமாக அழிந்தது. அதை மறுபடி செதுக்கும் பொறுப்பு டேவிட் எஸ்டர்லி என்ற அமெரிக்கச் செதுக்குநருக்கு வந்தது. சேதமடைந்த மற்ற துண்டுகளைச் சுவரிலிருந்து இறக்கி, பின்பக்கத்தையும் உடைந்த இடங்களையும் பார்க்கும் வாய்ப்பு செதுக்குநர்களுக்கு அப்போது கிடைத்தது. முன்னால் நின்று பார்ப்பவருக்குத் தெரியாத அடுக்குகள் அங்கே தெரியும். ஒரே கட்டையில் குடைந்ததுபோல் தோன்றுவது, தனித்தனியாகச் செதுக்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தியதாக இருக்கும். உங்கள் நடு மேசை செய்வதும் இதைத்தான், வாராவாரம் ஒருவர் வேலையின் பின்பக்கத்தை இன்னொருவருக்குக் காட்டுகிறது.

சரி, எதிலிருந்து தொடங்குவது? தீட்டுவதிலிருந்து. முதல் இரண்டு கூட்டங்களில் யாரும் எதையும் செதுக்க வேண்டாம் என்பேன். இதைச் சொன்னால் புதியவர்கள் முகம் வாடும், தெரியும். ஆனால் செதுக்கலை விட்டுப்போனவர்களில் பெரும்பாலானோர் திறமை இல்லாமல் விட்டவர்கள் இல்லை, மொண்ணைக் கத்தியோடு மல்லுக்கட்டிக் கை வலித்து விட்டவர்கள். மொண்ணைக் கத்திக்கு அதிக அழுத்தம் தேவை. அழுத்தம் கூடினால் கட்டுப்பாடு போகும், கத்தி எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. விரலை வெட்டுவதும் பெரும்பாலும் அப்போதுதான்.

ஒரு மேசையைத் தீட்டுவதற்கென்றே ஒதுக்குங்கள். 1000 எண் தீட்டுக்கல் ஒன்று, அதைவிட நைசான கல் ஒன்று, பலகையில் ஒட்டிய தோல் வார் ஒன்று, அதில் தேய்க்கப் பச்சை நிற குரோமியம் ஆக்சைடு கட்டி ஒன்று. ஏழு பேருக்கு இது போதும். கல்லில் தேய்க்கும்போது விளிம்பின் மறுபக்கத்தில் நுண்ணிய பிசிர் ஒன்று எழும்பும். விரலைக் குறுக்கே மெல்லத் தடவினால் சுரசுரவென்று தட்டுப்படும். அது நுனி முதல் அடி வரை எழும்பினால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. பிறகு மறுபக்கம், பிறகு நைஸ் கல், கடைசியில் தோல். தோலில் கத்தியைப் பின்னோக்கி மட்டுமே இழுக்க வேண்டும், முன்னோக்கித் தள்ளினால் தோல் வெட்டுப்படும். அழுத்தவும் கூடாது. அழுத்தினால் தோல் அமுங்கி, விளிம்பைச் சுற்றி எழும்பி, அதன் கூர்மையை உருட்டி மழுக்கிவிடும். வாரக்கணக்கில் தோலில் தேய்த்தும் கத்தி வெட்ட மாட்டேன் என்கிறது என்று புலம்புபவர்கள் செய்கிற தவறு இதுதான்.

உளியின் சரிவு மென்மரத்துக்குச் சுமார் 20 டிகிரி, கடின மரத்துக்கு 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுழலும் சாணைச் சக்கரத்தில் தீட்டினால் விளிம்பு சூடேறி நீலம் பாயும். அந்த நீலம் வந்தால் அங்கே எஃகின் பதம் போய்விட்டது என்று பொருள். அதுவரை தேய்த்து எடுத்தால்தான் மறுபடி கூர் நிற்கும். பழக்கமில்லாதவர்கள் சக்கரத்தின் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

கூர் வந்துவிட்டதா என்று பார்க்க முன்கை முடியைச் சிரைத்துக் காட்டுவார்கள். அது எனக்குப் பிடிக்காது, தேவையும் இல்லை. விளக்குக்கு நேராக விளிம்பைப் பிடியுங்கள். கூரான விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. மொண்ணையான இடம் வெள்ளைக் கோடாக மின்னும். இன்னும் நல்ல சோதனை, மென்மரத்தின் வெட்டுமுகத்தில், அதாவது நார்களின் நுனி தெரியும் பக்கத்தில், குறுக்கே ஒரு சீவல் எடுத்துப் பார்ப்பது. கூர் நன்றாக இருந்தால் வெட்டிய இடம் மெழுகு தேய்த்தது போலப் பளபளக்கும். விளிம்பில் சிறு பொக்கை இருந்தால் அந்தப் பளபளப்பில் ஒரு வெள்ளைக் கீறல் ஓடும்.

மரத்துக்கு வருவோம். ஐரோப்பியச் செதுக்குநர்கள் விரும்பியது லிண்டன் மரம். கிப்பன்ஸ் செதுக்கியதும் அதில்தான், அவருக்கு இருநூறு ஆண்டுகள் முந்திய ஜெர்மானியர் டில்மன் ரீமன்ஷ்னைடர் செதுக்கியதும் பெரும்பாலும் அதில்தான். அமெரிக்கக் குழுக்களில் பாஸ்வுட் என்று சொல்வது அதன் நெருங்கிய உறவு. ஆங்கிலேயர் அதை லைம் என்பதால் எலுமிச்சை மரம் என்று நினைத்துவிட வேண்டாம், இரண்டுக்கும் தொடர்பில்லை. அதன் சிறப்பு, மென்மையாக இருந்தும் ரேகை, அதாவது மரநார் ஓடும் வரி, அடக்கமாக ஓடுவது. எந்தத் திசையில் வெட்டினாலும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். அது கிடைக்காத இடத்தில் குமிழ் மரம் நல்லது, இலேசானது, கத்திக்கு இணங்கும். தேக்கு அழகுதான், ஆனால் அதில் சிலிக்கா கலந்திருப்பதால் கூர் சீக்கிரம் மழுங்கும். முதல் ஆண்டில் அதைத் தொட வேண்டாம். மரச்சாமான் செய்து மிஞ்சிய கடினமான துண்டுகளை அன்போடு கொண்டுவந்து தருபவர்கள் இருப்பார்கள். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், புதியவர் கையில் கொடுக்காதீர்கள். எல்லோருக்கும் ஒரே பலகையிலிருந்து துண்டு போடுவதில் ஒரு பயன் இருக்கிறது. ஒருவருக்குப் பிய்ந்துபோன இடம் இன்னொருவருக்குச் சுத்தமாக வந்தால், காரணம் மரம் இல்லை, வெட்டிய திசை என்று இருவருக்கும் தெரிந்துவிடும்.

அந்தத் திசைதான் இந்தக் கலையின் பாதி. மரத்தை நெருக்கிக் கட்டிய ஈர்க்குக் கட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். ஈர்க்குகளின் நுனியைக் கத்தி மேலிருந்து கீழாகத் தழுவிக்கொண்டு போனால் ஒவ்வொன்றும் அடுத்ததன்மேல் சாய்ந்து, சுத்தமாக வெட்டுப்படும். எதிர்ப்பக்கமிருந்து போனால் கத்தி இரண்டு ஈர்க்குகளுக்கு நடுவே புகுந்து பிளந்துகொண்டு உள்ளே ஓடும். மேடு என்றால் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் கீழ்நோக்கி வெட்ட வேண்டும். குழி என்றால் இரண்டு கரையிலிருந்தும் நடுவை நோக்கி இறங்கி அங்கே சந்திக்க வேண்டும். மரம் சிராயாகக் கிளம்ப ஆரம்பித்தால் உடனே நிறுத்தித் திசையை மாற்றுங்கள், இன்னும் அழுத்தினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். கணுவைச் சுற்றி ரேகை சுழலும், அதனால் முதல் துண்டுகளில் கணுவே இருக்கக் கூடாது.

மரத்தைக் காயவைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓர் அங்குலத் தடிமனுள்ள பலகை இயல்பாகக் காயச் சுமார் ஓர் ஆண்டு என்பது பழைய கணக்கு. காயும்போது மரம் நீளவாக்கில் சுருங்குவதே இல்லை என்று சொல்லலாம். அகலத்தில்தான் சுருங்கும், அதிலும் ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முழு உருளையாக வெட்டிய கட்டை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெடிப்பது இதனால்தான். பழைய தேவாலயச் சிலைகளின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் பலவற்றைக் குடைந்து எடுத்திருப்பார்கள். வெடிக்காமல் இருக்க மையத்தை நீக்கியிருக்கிறார்கள்.

முதல் பொருள் என்ன? எல்லோரும் ஒரே பொருளைச் செய்யுங்கள் என்பது என் உறுதியான கருத்து. ஸ்வீடனில் நேஸ் என்ற இடத்தில் 1870களிலிருந்து ஆசிரியர்களுக்குக் கைவேலை கற்பித்த ஓட்டோ சாலமன், எளியதிலிருந்து கடினமானதற்குப் படிப்படியாகப் போகும் மாதிரிப் பொருள்களின் வரிசை ஒன்றை வைத்திருந்தார். கத்தி ஒன்றாலேயே செய்துவிடக்கூடிய சின்னப் பொருள்களில் அது தொடங்கும். அந்த ஒழுங்கு இன்றைக்கும் பொருந்துகிறது. 3 அல்லது 4 செ.மீ. நீளமான அலகுள்ள செதுக்குக் கத்தி ஒன்று ஆளுக்கு இருந்தால் போதும், முதல் ஆறு மாதத்துக்கு உளி வேண்டாம்.

எங்கள் குழுவில் புதியவர் எல்லோருக்கும் கொடுப்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு பறவை. கால் கிடையாது, சிறகு விரிப்பதில்லை, கண்கூடக் கிடையாது. அலகு, தலை, மார்பு, வால், அவ்வளவுதான். ஆனால் மேட்டில் இறங்குவது, குழியில் சந்திப்பது, கழுத்தடியில் ரேகை திரும்புவது எல்லாம் அதில் வந்துவிடும். ரேகை அலகிலிருந்து வால் வரை நீளமாக ஓடும்படி கட்டையை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அலகு முதல் நாளே முறியும். முன்பக்கத் தோற்றம், பக்கத் தோற்றம் இரண்டையும் கட்டையில் வரைந்து, பேண்ட்சா என்னும் பட்டை ரம்ப இயந்திரம் வைத்திருக்கும் ஒருவர் எல்லோருக்கும் சேர்த்து வெளிக்கோட்டை அறுத்துக் கொடுத்துவிட்டால், புதியவரின் நேரமெல்லாம் செதுக்குவதில் போகும். பல குழுக்கள் இப்படிப்பட்ட பறவைகளை வழவழப்பாகத் தேய்த்து, மருத்துவமனையில் இருப்பவர்களுக்குக் கையில் பிடித்துக்கொள்ளக் கொடுக்கிறார்கள். ஆறுதல் பறவை என்றே அதற்குப் பெயர். தான் செய்த முதல் பொருள் இன்னொருவர் கைக்குள் போகப்போகிறது என்று தெரிந்ததும் ஆட்கள் காட்டும் கவனத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சிராய் ஒன்றுகூட மிஞ்சாது.

பறவைக்குப் பிறகு முகம். இங்கே ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். சதுரக் கட்டையின் தட்டையான பக்கத்தில் முகம் வரையாதீர்கள், மூலையில் செதுக்குங்கள். கட்டையின் விளிம்பே மூக்குத் தண்டாகிவிடும், இரண்டு கன்னமும் பின்னோக்கிச் சரிந்துவிடும். தட்டையில் தொடங்கினால் கண்கள் இரண்டும் மூக்கின் மட்டத்துக்கே வந்து, முகம் சுவரில் மோதியது போல இருக்கும். அளவுக்கு, முடியின் விளிம்பிலிருந்து புருவம், புருவத்திலிருந்து மூக்கடி, மூக்கடியிலிருந்து தாடை என்று மூன்றும் சமமாக வரட்டும். தலை முழுவதையும் எடுத்துக்கொண்டால் கண் நடுவில் இருக்கும். இதை யாரும் நம்ப மாட்டார்கள், எல்லோரும் கண்ணை மேலே ஏற்றிவிடுவார்கள். எதிரில் ஆறு பேரின் உண்மையான தலைகள் இருப்பது அப்போது உதவும். அளந்தே பார்க்கலாம்.

பாதுகாப்பு. கத்தியோடு கையை நீட்டிச் சுற்றினால் எட்டும் தூரத்துக்குள் யாரும் இருக்கக் கூடாது, நாற்காலிகளை அந்தக் கணக்கில் போடுங்கள். தொடையின்மேல் மரத்தை வைத்து அதை நோக்கி வெட்டவே கூடாது. உள்தொடையில் பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது. முழங்கைகளை முழங்காலில் ஊன்றி, முழங்காலைத் தாண்டி முன்னால் வெட்டலாம். வெட்டுப்படுவது பெரும்பாலும் மரத்தைப் பிடித்திருக்கும் கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான். அந்தக் கைக்கு வெட்டுத் தாங்கும் கையுறை, தன்னை நோக்கி இழுத்து வெட்டும்போது கத்திக் கையின் கட்டைவிரலுக்குத் தோல் உறை. ஆனால் அந்தக் கையுறை சீவும் வெட்டைத்தான் தடுக்கும், நுனியால் குத்தினால் தடுக்காது. இதைத் தெரியாமல் கையுறையை நம்பி முரட்டுத்தனமாக வெட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். விரலை மடக்க முடியவில்லை அல்லது நுனி மரத்துப்போயிருக்கிறது என்றால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும், நரம்போ தசைநாரோ அறுந்திருக்கலாம்.

உளி வேலை தொடங்கினால் மரத்தைக் கிளாம்பில் பிடித்துவிடுங்கள். இரண்டு கையும் உளியில் இருந்தால் உளிக்கு முன்னால் கை வராது.

இனி, நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் ஒன்று. அடுத்தவர் மரத்தில் உங்கள் கத்தி படக் கூடாது. நான் சேர்ந்த முதல் ஆண்டில் ஒரு கிழவர் முகம் செதுக்கிக்கொண்டிருந்தேன். ஐந்து வாரமாகச் செய்தது. கண் இமை வரவில்லை என்று கேட்டேன். குழுவின் திறமைசாலி ஒருவர் அதை என் கையிலிருந்து வாங்கி, பேசிக்கொண்டே ஏழெட்டு வெட்டில் இரண்டு கண்ணையும் முடித்துக் கொடுத்துவிட்டார். கண்கள் அற்புதமாக இருந்தன. அவர் நல்ல மனதோடுதான் செய்தார். ஆனால் அந்தப் பொம்மையை அதற்கப்புறம் நான் தொடவில்லை. இமை செதுக்கவும் எனக்கு இன்னும் ஓராண்டு பிடித்தது, ஏனென்றால் அவர் கை போன வேகத்தில் நான் பார்த்தது எதுவும் இல்லை. கற்றுக்கொடுப்பவர் கையில் எப்போதும் ஒரு தனித் துண்டு இருக்க வேண்டும். அதில் ஒரு கண் செதுக்கிக் காட்டி, அந்தத் துண்டைக் கற்பவரிடமே கொடுத்துவிட வேண்டும். உங்களில் உளி பழகிய இரண்டு பேரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதே போல், நடு மேசையில் இருக்கும் வேலையைப் பற்றிச் செய்தவர் கேட்டால் சொல்லுங்கள், கேட்காமல் குறை சொல்ல வேண்டாம். கேட்பவரும் “எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் “நன்றாக இருக்கிறது” என்பதுதான் கிடைக்கும். “இந்தக் கன்னம் வீங்கியிருக்கிறதா?” என்று கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்கும்.

கருவிகளைப் பொறுத்தவரை, கத்தி அவரவருக்குச் சொந்தமாக இருக்கட்டும், உளிகளைப் பொதுவில் வாங்கலாம். வாங்கும்போது எண்ணைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து உளி செய்பவர்கள் நிலைப்படுத்திய முறை அது. எண் 1 தட்டை உளி, 2 சாய்முனை உளி, 3 ஏறக்குறையத் தட்டையான நகவுளி (விளிம்பு வளைந்த உளி), எண் ஏற ஏற வளைவு கூடி 9இல் அரைவட்டம், 11இல் யு போல ஆழம், 39 என்பது வி வடிவம். அதன் பக்கத்தில் அகலம் மில்லிமீட்டரில் இருக்கும். சில நாட்டுத் தயாரிப்புகளில் எண் சற்று மாறும். பெட்டியாக விற்கும் பன்னிரண்டு உளிகளை வாங்காதீர்கள், பாதி தொடாமல் கிடக்கும். 3, 5, 8, 11 ஆகிய வளைவுகளில் ஒவ்வொன்று, ஒரு வி உளி, உளியைத் தட்ட ஒரு கொட்டாப்புளி (மரச் சுத்தியல்). மற்றது தேவைப்படும்போது வாங்கிக்கொள்ளலாம். எடுத்தவர் தோலில் தீட்டித்தான் திரும்ப வைக்க வேண்டும் என்று ஒரு விதி போதும்.

மின்கருவி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதே அறையில் வேண்டாம். கையால் செதுக்கினால் விழுவது சீவல், சுழலும் கருவியிலும் உப்புத்தாளிலும் பறப்பது நுண்தூள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. தேய்ப்பதை வெளியில், முகக்கவசத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஆளி விதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு அறையைப் பூட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். அது காற்றோடு வினைபுரிந்து தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவைக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் போட்டு மூட வேண்டும்.

ஓராண்டு போனதும் எல்லோரும் சேர்ந்து ஒன்று செய்ய ஆசை வரும். ஆளுக்கு 10 செ.மீ. சதுரத்தில் ஒரு புடைப்புச் சிற்பம் செதுக்கி, எல்லாவற்றையும் ஒரே சட்டத்தில் சேர்ப்பது நல்ல யோசனை. நாங்களும் செய்தோம். பின்னணியை 6 மி.மீ. ஆழத்துக்கு இறக்குவது, சுற்றிலும் 1 செ.மீ. கரை விடுவது என்று எல்லாம் பேசிவைத்துக்கொண்டோம், ரேகையின் திசையைப் பேசவில்லை. சிலருடையது நின்றது, சிலருடையது படுத்தது. அத்தனையையும் ஒட்டுப்பலகையில் பசைபோட்டு ஒட்டிவிட்டோம். வறண்ட மாதங்கள் வந்ததும் ஒவ்வொரு சதுரமும் தன் திசையில் சுருங்கப் பார்த்தது, பசை விடவில்லை, நான்கு சதுரங்கள் நடுவில் வெடித்தன. அதில் ஒன்று, அந்த ஆண்டு இறந்துபோன ஓர் உறுப்பினர் கடைசியாகச் செதுக்கியது. நீங்கள் செய்யும்போது எல்லாச் சதுரத்திலும் ரேகை ஒரே திசையில் ஓடட்டும். சட்டத்தில் காடி எடுத்து அதற்குள் பசையில்லாமல் உட்காரவையுங்கள், மரம் மூச்சுவிட இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விடுங்கள்.

கடைசியாக, கை நடுங்கும் நண்பர். அவசியம் சேர்த்துக்கொள்ளுங்கள். கத்தியை மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் கத்தி வேலையில் இரண்டு கையும் ஊன்றாமல் அந்தரத்தில் நிற்கின்றன. மரத்தைக் கிளாம்பில் இறுக்கி, இடது மணிக்கட்டை மரத்தின்மேலேயே ஊன்றி உளியைப் பிடித்து, கொட்டாப்புளியால் தட்டினால் பலருக்கு நடுக்கம் வெகுவாகக் குறையும். புடைப்புச் சிற்பம் அவருக்கு நன்றாக வரலாம். அரமும் உப்புத்தாளும் போட்டு ஆறுதல் பறவைகளை வழவழப்பாக்கும் வேலையில் அவரைப் போலப் பொறுமை உள்ளவர் உங்களில் வேறு யாரும் இல்லாமலும் போகலாம்.

எங்கள் குழுவிலும் விரல் மூட்டுகள் முடங்கிப்போன ஒருவர் இருக்கிறார். செதுக்குவதை நிறுத்தி நான்கு ஆண்டாகிறது, ஒரு வாரம்கூட வராமல் இருந்ததில்லை. தீட்டும் மேசைதான் அவர் இடம். கத்தியை மரப்பிடியில் செருகி, உள்ளங்கையால் அழுத்திக் கல்லில் தள்ளும்படி ஒரு தாங்கியை அவரே செய்துகொண்டார். கூரான கத்தி மென்மரத்தில் போகும்போது பட்டுத்துணி கிழிவது போல ஒரு மெல்லிய ஓசை வரும், மழுங்கத் தொடங்கினால் அந்த ஓசை கொஞ்சம் கரகரக்கும். போன வாரம் நான் ஒரு வாத்தின் கழுத்தில் மும்முரமாக இருந்தேன். அறையின் அந்தக் கோடியிலிருந்து, தலையைத் தூக்காமலே, “அதைக் கொண்டா இங்கே” என்று கையை நீட்டினார்.